கைமாத்துக்குப் போன கிடார்

மூக்குக் கண்ணாடிக் கடையில் கிடாருக்கு என்ன வேலை என்று யாரும் கேட்டதில்லை. ஏனென்றால் அது சுவரில் சும்மா தொங்கவில்லை. தினமும் உத்தியோகம் பார்த்துக்கொண்டிருந்தது.

கடைக்காரர் வந்தவரை ஸ்டூலில் உட்கார வைப்பார். ஒரு கண்ணைப் பொத்தச் சொல்வார். எதிர்ச்சுவரைக் காட்டி, "அந்தக் கிடார்ல எத்தனை கம்பி?" என்பார். கிடார் என்றால் ஆறு கம்பி என்று எல்லாருக்கும் தெரியும். அதனால் கண் மங்கினவர்கள் யோசிக்காமல் "ஆறு" என்றுவிடுவார்கள். அந்தக் கிடாரில் இருந்ததோ ஐந்து. "ஆறு" என்றவருக்குக் கண்ணாடி எழுதுவார். "ஐந்து" என்றவரை வாழ்த்தி அனுப்புவார். "பத்து" என்றவரை மட்டும் பெரிய டாக்டரிடம் போகச் சொல்வார். எழுத்துப் பலகையில் அவருக்கு நம்பிக்கை கிடையாது. காத்திருக்கும் நேரத்தில் எல்லாரும் அதை மனப்பாடம் பண்ணிவிடுகிறார்கள் என்பது அவர் கட்சி.

அவருடைய சகலை ஒரு ஃப்ரிட்ஜ் மெக்கானிக். அக்காவைக் கட்டியவர் கண்ணாடிக்காரர், தங்கையைக் கட்டியவர் மெக்கானிக். மெக்கானிக்கின் கண்ணில் ஒரு கோளாறும் இல்லை. ஆனாலும் வாரம் தவறாமல் பரிசோதனைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்துகொள்வார்.

"அஞ்சு," என்பார்.

"போன வாரமும் அஞ்சுதானய்யா. எந்திரி."

"இடது கண்ணை இன்னும் பாக்கலையே, சகல."

இடது கண்ணும் வலது கண்ணும் சேர்ந்து அந்தக் கிடாரைத் தின்றுகொண்டிருந்தன. ஒரு காலத்தில் அது சிவப்பு நிறம். இப்போது சிவப்பு ஓரங்களில் மட்டும் ஒதுங்கியிருந்தது. வாசிக்கிறவரின் முன்னங்கை படும் இடத்தில் பெயின்ட் போய், அதற்கடியில் இருந்த பூச்சும் போய், மரம் வெளியே வந்து மினுமினுத்தது. முதுகுப் பக்கம் பெல்ட் பக்கிள் உரசி உரசி ஒரு தட்டளவுக்குச் சொரசொரப்பு. கழுத்தில், விரல் அழுத்தும் இடங்களில் எல்லாம் சின்னச் சின்னக் குழி. சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு ஒன்று எப்போதோ தொலைந்து, அந்த இடத்தில் பற்பசை மூடி உட்கார்ந்திருந்தது. அதுவும் கச்சிதமாகத்தான் உட்கார்ந்திருந்தது.

அதை வைத்திருந்தவர் ஓட்டல்களில் வாசித்த ஒரு கலைஞர். கண் தெரியவில்லை என்று வந்தார். கையில் காசில்லை, கிடாரைக் கொடுத்துக் கண்ணாடியை வாங்கிக்கொண்டார். கண்ணாடி போட்ட பிறகுதான் இசைக் குறிப்புத் தாளை ஒழுங்காகப் படித்தாராம். இத்தனை வருஷமும் எல்லாப் பாட்டையும் தப்பாக வாசித்தது தெரிந்ததும், அன்றோடு வாசிப்பதை நிறுத்திவிட்டார். கிடாரைக் கொடுத்தது நல்லதாய்ப் போயிற்று என்று கடைக்கே வந்து நன்றி சொல்லிவிட்டுப் போனார். கண்ணாடிக்காரர் இதைச் சொல்லும்போது சிரிக்கமாட்டார். அதனால் எல்லாரும் நம்பினார்கள்.

மெக்கானிக் வாலிபத்தில் ஒரு மெல்லிசைக் குழுவில் இருந்தவர். முதல் கிடார் அல்ல, இரண்டாவது கிடார். மெட்டை வாசிக்க வேறொருவர் இருந்தார். இவர் வேலை பின்னால் நின்று "டங்கு-சிக்கு, டங்கு-சிக்கு" என்று தாளக்கட்டைத் தாங்குவது. கிடாரும் குழுவுடையது. பாடகருக்கு வங்கியில் வேலை கிடைத்தது, குழு கலைந்தது, கிடார் போனது, கை மட்டும் மிஞ்சியது. அந்தக் கை அன்றிலிருந்து மேசை, ஸ்கூட்டர் ஹேண்டில், கம்ப்ரசர் மூடி, மனைவியின் தோள் என்று எது கிடைத்தாலும் வாசித்தது.

"புதுசா ஒண்ணு வாங்கேன். இந்த ஓட்டை உடைசலை ஏன்யா இப்படிப் பாக்கற?" என்று கண்ணாடிக்காரர் ஒருநாள் கேட்டார்.

"புதுசு வாங்கினா இந்த எடத்தைத் தேய்க்கவே எனக்கு ஒரு ஆயுசு வேணும். யாரோ ஒரு புண்ணியவான் ஏற்கெனவே தேய்ச்சு வச்சிருக்கார். நான் கையை வச்சாப் போதும்."

"இது விக்கிறதுக்கில்ல. கெளம்பு."

அப்படியே காலம் போயிருக்கும். கண்ணாடிக்காரர் வீட்டுப் புது ஃப்ரிட்ஜ் செத்துப்போகாமல் இருந்திருந்தால்.

அது சாதாரண ஃப்ரிட்ஜ் அல்ல. கதவில் ஒரு திரை இருக்கும், உள்ளே என்ன இருக்கிறது என்று அதில் படம் தெரியும். திறந்து பார்க்கும் சிரமம் யாருக்கும் வேண்டாம் என்று செய்தது. ஒருநாள் படம் மட்டும் ஓடியது, குளிர் நின்றுவிட்டது. மெக்கானிக் வந்து பின்பக்கத்தைக் கழற்றி மோந்து பார்த்தார்.

"சர்க்யூட் போர்டு கருகிடுச்சு. புதுசு வரணும்."

"எப்ப வரும்?"

"கம்பெனியைக் கேக்கணும். கப்பல்ல வருதோ என்னமோ."

கண்ணாடிக்காரர் நெற்றியைத் தடவினார். அவருக்குப் பின்னால் அவர் மனைவி நின்றிருந்தாள். பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்துகிறவள், உறவு முழுக்க அவளை டீச்சரக்கா என்றுதான் கூப்பிடும். பால் பாத்திரத்தை ஏந்திக்கொண்டு அவள் சொன்னாள்: "தங்கச்சி வீட்ல அப்பாவோட பழைய ஃப்ரிட்ஜ் இருக்குல்ல?"

இருந்தது. மூலைகள் உருண்டு, கார் கதவு மாதிரிக் கைப்பிடி வைத்து, கன்றுக்குட்டி உயரத்துக்கு நின்ற அந்த ஃப்ரிட்ஜை அப்பா சின்ன மகள் கல்யாணத்துக்குக் கொடுத்தார். பெரியவளுக்கு முன்பே பீரோ கொடுத்தாயிற்று. மெக்கானிக்கின் கையில் வளர்ந்த ஃப்ரிட்ஜ் அது. அதில் வைத்த கொத்தமல்லி வாங்கின அன்றைக்கு இருந்ததைவிட இளமையாகி வெளியே வரும். மறந்துபோய் ஒரு கைக்கடிகாரத்தை உள்ளே வைத்துவிட்டார்கள், எடுக்கும்போது முள் பின்னால் போயிருந்தது. குளிரை அந்த அளவுக்குப் பிடித்து வைக்கும்.

மெக்கானிக்கின் மனசுக்குள் ஏதோ "டங்கு-சிக்கு" என்றது.

"என் ஃப்ரிட்ஜை உங்களுக்குத் தர்றேன், சகல. நீங்க அந்தக் கிடாரைக் குடுங்க."

"கைமாத்தா?" என்றார் கண்ணாடிக்காரர்.

"கைமாத்துதான்," என்றார் மெக்கானிக்.

பேச்சு அதோடு முடிந்தது. கைமாற்று என்று சேர்த்துச் சொன்னால், வாங்கினதைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். கை மாற்று என்று பிரித்துச் சொன்னால், ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போனது போனதுதான். இரண்டுக்கும் நடுவில் இருப்பது மூச்சு விடுகிற இடைவெளி. அன்றைக்கு மெக்கானிக் மூச்சு விட்டாரா இல்லையா என்பதை வைத்துத்தான் பின்னால் இரண்டு வீடும் மல்லுக்கட்டின.

வீட்டுக்கு வந்து மனைவியிடமும் அதே வார்த்தையைத்தான் சொன்னார். வேறு வார்த்தை தேடி அவர் நேரத்தை வீணாக்கவில்லை.

"அக்காவுக்கு நம்ம ஃப்ரிட்ஜ் வேணுமாம். கைமாத்து."

அவள் காய் நறுக்குவதை நிறுத்தினாள். "அக்கா கேட்டாளா? ஃப்ரிட்ஜ் எனக்கு வந்த நாள்லேர்ந்து அது மேல அவளுக்கு ஒரு கண்ணு. சரி, கைமாத்துதானே, எடுத்துட்டுப் போகட்டும். பாலை மட்டும் அன்னன்னிக்கு வாங்கிக்கறேன். ஆமா, அதுக்கு நீங்க ஏன் சீப்பை எடுத்துத் தலை வாரறீங்க?"

"சும்மாதான்."

ஃப்ரிட்ஜ் வேனில் ஏறிப் போனது. திரும்பி வந்த வேனில் மெக்கானிக் மடியில் கிடாரோடு உட்கார்ந்திருந்தார். பச்சைக் குழந்தையை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவருகிறவர்கூடக் கழுத்தை அவ்வளவு பதமாகத் தாங்கமாட்டார்.

அடுத்த சில நாட்களில் கிடார் அவர் கையில் மறுபிறவி எடுத்தது. பற்பசை மூடியைத் திருகினால் கரகரவென்று இருமியது. ஃப்ரிட்ஜ் தெர்மோஸ்டாட்டுக்கு அடிக்கிற ஸ்பிரேயை அடித்தார், இருமல் நின்றது. ஆறாவது கம்பி வாங்கி மாட்டினார். சத்தத்தைப் பெருக்க ஆம்ப் இல்லை என்பதால் பழைய டேப் ரெக்கார்டர் ஒன்றைக் குடைந்து அதன் வயிற்றில் ஒயரைச் சொருகினார். அதை ஓடவிட்டதும் வீடு முழுக்க "ம்ம்ம்ம்" என்று ஒரு முனகல்.

"கேட்டியா? நம்ம ஃப்ரிட்ஜ் சத்தம் அப்படியே இருக்கு," என்றார் பெருமையாக.

"சத்தம் இருக்கு. ஐஸ் எங்க?" என்றாள் மனைவி.

அப்புறம் வாசிக்க ஆரம்பித்தார். வலது முன்னங்கை போய் அந்தத் தேய்ந்த இடத்தில் படுத்துக்கொண்டது. எத்தனையோ வருஷமாக அங்கேயே குடியிருந்தது மாதிரி. விரல்களும் தத்தம் குழியைத் தேடிக்கொண்டன. அவருக்குக் கண் கலங்கியது. கேட்டவர்களுக்கும் கலங்கியது, ஆனால் காரணம் வேறு. அவருக்கு எந்தப் பாட்டுக்கும் மெட்டு தெரியாது. நூற்றுக்கணக்கான பாட்டுகளின் பின்வாசிப்பு மட்டும் தலைகீழாகத் தெரியும். மாப்பிள்ளை இல்லாத ஊர்வலம் மாதிரி ஒவ்வொரு பாட்டும் அவர் கையிலிருந்து வரிசையாகக் கிளம்பிப் போனது.

மாடி வீட்டுக்காரர் இறங்கி வந்தார். "நல்லா இருக்கு சார். பாட்டு எப்ப ஆரம்பிக்கும்?"

"இதோட முடிஞ்சுது."

"அப்படியா," என்று அவர் மரியாதையாக மேலே ஏறிப் போனார்.

இதற்குள் போர்டு வந்துவிட்டது. கப்பலில் அல்ல, கூரியரில். மெக்கானிக் அதைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் வாசலில் நின்றார். இதைக் கொண்டுபோய் மாட்டினால் சகலை வீட்டுப் புது ஃப்ரிட்ஜ் ஓடும். புது ஃப்ரிட்ஜ் ஓடினால் பழைய ஃப்ரிட்ஜ் திரும்பி வரும். பழைய ஃப்ரிட்ஜ் திரும்பி வந்தால் கிடார் திரும்பிப் போகும். எந்தப் பக்கம் சுற்றினாலும் கடைசியில் கை காலியாகத்தான் நின்றது. ஸ்கூட்டர் சீட்டைத் தூக்கி, போர்டை மழைக்கோட்டில் சுற்றி, உள்ளே வைத்துப் பூட்டினார்.

ஆனாலும் மனசு கேட்கவில்லை. ஒருநாள் மாலை போர்டை எடுத்துக்கொண்டு சகலை வீட்டுக்குப் போனார். டீச்சரக்கா மட்டும் இருந்தாள். அடுக்களையில் பழைய ஃப்ரிட்ஜுக்கு எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள்.

"என்ன தம்பி, அது கையில?"

"போர்டுக்கா. வந்துடுச்சு."

டீச்சரக்கா சிவப்புப் பேனாவை மூடினாள். ஃப்ரிட்ஜின் கைப்பிடியை ஒருமுறை இழுத்து, "டொப்" என்று சாத்தினாள். "இந்தச் சத்தத்தைக் கேளுங்க. அந்தப் புதுசுல இது வருமா? அப்பா அவளுக்கு இதைக் குடுத்தார், எனக்கு பீரோ. பீரோவுல தண்ணி வச்சாக் குளிருமா தம்பி?"

"குளிராதுக்கா."

"அந்த போர்டு வேற மாடலோ என்னமோ. நல்லா யோசிச்சுப் பாருங்க."

மெக்கானிக் போர்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஆமாக்கா. மாடல் கொஞ்சம் இடிக்குது."

"டீ குடிச்சுட்டுப் போங்க," என்றாள் டீச்சரக்கா. அந்த வீட்டில் அவருக்கு அதுவரை கிடைத்த டீயிலேயே அதுதான் சர்க்கரை தூக்கலான டீ.

மறுபக்கத்திலும் ஒரு கூட்டணி உருவாகிக்கொண்டிருந்தது. கிடார் போன பிறகு கண்ணாடிக்காரர் வேறு வழியில்லாமல் எழுத்துப் பலகையை மாட்டினார். ஜனங்கள் அதைச் சுற்றுலாத்தலம் மாதிரி முன்கூட்டியே பார்த்து வைத்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு ஒப்பித்தார்கள். எல்லாருக்கும் பார்வை பிரமாதம். ஒருவர் பலகையைக் கடைசி வரி வரை சொல்லிவிட்டு, வெளியே போகும்போது கண்ணாடிக் கதவில் முட்டிக்கொண்டார்.

கண்ணாடிக்காரர் கொழுந்தியாளுக்குப் போன் போட்டார். "ஏம்மா, உன் புருஷன் கிடாரை எப்பத் தருவான்?"

"எந்தக் கிடாரை மாமா? அது நீங்க இவருக்குச் சும்மா குடுத்தது இல்லையா?"

"சும்மாவா? உங்க ஃப்ரிட்ஜுக்கு நான் குடுத்த கைமாத்தும்மா அது!"

போனில் சிறிது நேரம் காய் நறுக்கும் சத்தம் மட்டும் கேட்டது. கொஞ்சம் வேகமாகவே கேட்டது.

"ஞாயித்துக்கிழமை அக்காவைக் கூட்டிட்டு வாங்க மாமா. வேற ஒண்ணும் சொல்ல வேண்டாம்," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். மெக்கானிக் வீட்டுக் கூடத்தில் நாலு பேர், நடுவில் மேசை, மேசை மேல் பிஸ்கட் தட்டு. சுவரோரம் கிடார் சாய்ந்திருந்தது, வழக்கைக் கேட்க வந்தது மாதிரி. சின்னவள் டீ கொடுத்துவிட்டு, முந்தானைக்குள்ளிருந்து எதையோ எடுத்து பிஸ்கட் பக்கத்தில் வைத்தாள். மழைக்கோட்டு வாசனையோடு போர்டு.

"ஸ்கூட்டர்ல ஹெல்மெட் தேடினேன். இது கெடைச்சுது," என்றாள்.

மெக்கானிக் ஒரு பிஸ்கட்டை எடுத்து மறுபடி வைத்தார். டீச்சரக்கா ஜன்னல் வழியாக ஆகாயத்தைப் பார்த்தாள்.

"யோவ்!" என்று கண்ணாடிக்காரர் கத்தினார். "கப்பல் இன்னும் நடுக்கடல்ல நிக்குதுன்ன?"

"மாடல் இடிக்குதுன்னு…" என்று இழுத்த மெக்கானிக் டீச்சரக்காவைப் பார்த்தார். டீச்சரக்கா ஆகாயத்தை விடவில்லை.

"அதெல்லாம் அப்புறம். ஒரே கேள்வி," என்றாள் சின்னவள் புருஷனிடம். "அன்னைக்கு அவர்கிட்ட நீங்க சொன்ன வார்த்தை என்ன?"

"கைமாத்து."

"என்கிட்ட சொன்னது?"

"கைமாத்து."

"சேத்துச் சொன்னீங்களா, பிரிச்சுச் சொன்னீங்களா?"

"சொன்னேன். எப்படிச் சொன்னேன்னு எப்படிச் சொல்றது?"

"சேத்துத்தான்யா சொன்னே," என்றார் கண்ணாடிக்காரர். "கடன் மாதிரி. திருப்பிக் குடுக்கணும்."

டீச்சரக்கா ஆகாயத்திலிருந்து இறங்கி வந்தாள். இலக்கணம் என்று வந்தால் அவளால் சும்மா இருக்க முடியாது. "பிரிச்சுத்தான் சொன்னார். நான் பின்னாடிதானே நின்னேன்? 'கை'ன்னு சொல்லிட்டு ஒரு மூச்சு விட்டார். அப்புறம்தான் 'மாத்து'. கை மாறிப் போச்சுன்னா போச்சு. இல்லேன்னா இதைக் கைம்மாறுன்னுகூட எடுத்துக்கலாம். செஞ்ச உதவிக்குப் பதில் உதவி. அதையும் யாரும் திருப்பிக் கேக்கறதில்ல."

"அவருக்கு அன்னைக்கு மூக்கடைப்பு, அக்கா. அதான் மூச்சு," என்றாள் தங்கை. "நீ இதுல எத்தனை அர்த்தம் வேணா சொல்லு. மாத்துன்னா எனக்கு இன்னொரு அர்த்தமும் தெரியும். ரெண்டு மாத்து மாத்தினா எல்லாம் தன்னால சரியாயிடும்." இதைச் சொல்லும்போது அவள் புருஷனைத்தான் பார்த்தாள்.

வழக்கு எப்படி நிற்கிறது என்பது அப்போதுதான் எல்லாருக்கும் விளங்கியது. கிடார் வேண்டும் என்பதால் மெக்கானிக்குக்கு அது பரிமாற்றம். ஃப்ரிட்ஜ் வேண்டும் என்பதால் டீச்சரக்காவுக்கும் அது பரிமாற்றம். கிடார் திரும்ப வேண்டும் என்பதால் கண்ணாடிக்காரருக்கு அது இரவல், ஃப்ரிட்ஜ் திரும்ப வேண்டும் என்பதால் சின்னவளுக்கும் இரவல். இரண்டு ஜோடியிலும் புருஷன் ஒரு கட்சி, பெண்டாட்டி எதிர்க்கட்சி. இரண்டுக்கு இரண்டு. பிஸ்கட் தீர்ந்துபோனது.

கண்ணாடிக்காரர் எழுந்து கிடார் பக்கம் போனார். குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"ஆறாவது கம்பி யாருய்யா போட்டது?"

"நான்தான். இல்லாம எப்படி வாசிக்கிறது?"

"என் பொழப்பையே கெடுத்துட்டியே! ஆறுன்னு சொல்றவனுக்கு இனிமே நான் எப்படிக் கண்ணாடி எழுதறது?" அவர் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து அவர் முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு வந்தது. "சரி, வாசிக்கிறதுக்குத்தானே கம்பி போட்ட? வாசி. நீ வாசிக்கிறது என்ன பாட்டுன்னு எங்க மூணு பேர்ல யாராவது சொல்லிட்டா கிடார் உனக்கு, ஃப்ரிட்ஜ் எனக்கு. சொல்லலேன்னா எல்லாம் பழையபடி. ஆளுக்கு ஒரே ஒரு வாய்ப்பு."

அவருக்குத் தெரியும், மெக்கானிக் வாசித்து எந்தப் பாட்டையும் யாரும் இதுவரை கண்டுபிடித்ததில்லை. டீச்சரக்கா ஒப்புக்கொண்டாள். தன் காதில் அவளுக்கு நம்பிக்கை உண்டு. சின்னவளும் ஒப்புக்கொண்டாள். எதற்கு வாயைத் திறக்கக் கூடாது என்பது அவளுக்குத் தெரியும்.

மெக்கானிக் கிடாரை எடுத்து மடியில் வைத்தார். டேப் ரெக்கார்டர் "ம்ம்ம்" என்றது. எதை வாசிப்பது? ரொம்ப யோசித்து, அந்தக் காலத்தில் குழு எந்த மேடையில் ஏறினாலும் ஜனங்கள் கேட்டு வாங்கிய ஒரு ஜோடிப் பாட்டை எடுத்தார். ஊர் உலகத்துக்கே தெரிந்த பாட்டு. ஆனால் ஊர் உலகத்துக்குத் தெரிந்தது அதன் மெட்டு. இவர் கையில் இருந்தது "டங்கு-சிக்கு".

வாசித்தார். டீச்சரக்கா கண்ணை மூடிக் கேட்டாள். தலையை ஆட்டினாள். பிறகு கண்ணைத் திறந்து, சந்தேகமே இல்லாமல் ஒரு தாலாட்டின் பெயரைச் சொன்னாள். சொல்லிவிட்டு மெக்கானிக்கைப் பார்த்து மெல்லக் கண்ணைச் சிமிட்டினாள்.

"ஆமாம்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். யார் சரிபார்க்கப் போகிறார்கள்? போர்டைப் பற்றிக் கூசாமல் பொய் சொன்ன வாய்தான். வார்த்தையை இரண்டாகப் பிளந்து இரண்டு பேருக்கு விற்ற வாய்தான். ஆனால் தாலாட்டு வேறு தாளம். நடை வேறு. அதற்கும் இதற்கும் முடிச்சுப் போட அவர் கை ஒப்பவில்லை.

"இல்லக்கா. அது மூணுல நடக்கற பாட்டு. இது நாலு," என்றார்.

டீச்சரக்கா அவரைப் பார்த்த பார்வையில் ஒரு வகுப்பே ஃபெயிலாகியிருக்கும்.

"எனக்குத் தெரியல," என்றார் கண்ணாடிக்காரர் சந்தோஷமாக. "உனக்கும்மா?"

"எனக்கு எங்க மாமா தெரியும்? எனக்கு சங்கீதமே தெரியாது," என்றாள் சின்னவள், தட்டிலிருந்த பிஸ்கட் துகளைத் துடைத்துக்கொண்டே.

முடிந்தது. கண்ணாடிக்காரர் கிடாருக்காகக் கையை நீட்டினார்.

"ஒரு நிமிஷம், சகல. பாதில விடக்கூடாது. முடிச்சுட்டுத் தந்துடறேன்."

பல்லவியை முடித்தார். அனுபல்லவியைத் தாண்டினார். கடைசித் தடவை என்று மனசுக்குள் நினைத்துக்கொண்டதால் விரல்கள் வழக்கத்தைவிட மெதுவாக, குழியிலிருந்து குழிக்குத் தடவித் தடவிப் போயின. சரணத்துக்கு முன்னால் ஒரு சுற்று வரும். சுற்றினார். நேராகச் சரணத்துக்கு ஏறினார்.

"ஐயோ, அங்க ஏறாதீங்க!" என்று சமையலறை வாசலிலிருந்து குரல் வந்தது. தட்டோடு நின்றுகொண்டிருந்தாள் மனைவி. "அங்க மூணு தடவை சுத்திட்டு அப்புறம்தானே ஏறணும்? கல்யாணம் ஆன நாள்லேர்ந்து பாக்கறேன், மேசைல தட்டினாலும் இதே எடம், என் தோள்ல தட்டினாலும் இதே எடம். ஒரே சுத்துல ஓடிப்போய் ஏறி நிக்கறீங்க. அவ இன்னும் பாட வரவே இல்ல!"

டேப் ரெக்கார்டர் மட்டும் முனகிக்கொண்டிருந்தது.

"எவம்மா இன்னும் பாட வரல?" என்றார் கண்ணாடிக்காரர் மெதுவாக.

சின்னவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"கண்டுபிடிச்சுட்டா!" என்று டீச்சரக்கா கைதட்டினாள்.

"நான் ஒண்ணும் கண்டுபிடிக்கல. திருத்தினேன்."

"பாட்டு தெரியாம எப்படித் திருத்துவே? விடைத்தாள் திருத்தறவ நான், எனக்கே சொல்றியா?"

"சொல்லாதம்மா! பாட்டுப் பேரைச் சொல்லாத! நம்ம ரெண்டு பேரும் ஒரே கட்சி!" என்று கண்ணாடிக்காரர் எழுந்தே நின்றுவிட்டார்.

"சொல்லாம எப்படி மாமா? இவர் பாட்டுக்குத் தப்பா வாசிச்சுட்டு இருந்தா?" என்று அவள் பாட்டின் முதல் வரியைச் சொன்னாள். சொன்னது மட்டுமல்ல, எந்த இடத்தில் மூச்சு விட வேண்டும் என்பதுவரை தட்டில் தாளம் போட்டுக் காட்டினாள். அப்புறம் தட்டைப் பார்த்தாள். தன் ஃப்ரிட்ஜ் அதிலேறிப் போவது அவளுக்குத் தெரிந்தது.

மெக்கானிக் அவளைப் பார்த்தார். கிடார் கிடைத்த சந்தோஷத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் பற்பசை மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

"இளிக்காதீங்க," என்றாள். பிறகு மேசைக்கு வந்து போர்டை எடுத்து அவர் மடியில் வைத்தாள். "அக்கா, அப்பாவோட ஃப்ரிட்ஜை நீயே வச்சுக்க. போர்டை மாட்டினதும் உங்க புது ஃப்ரிட்ஜ் எங்க வீட்டுக்கு வந்துடணும். படம் காட்டுமே, அது. இதைச் சேத்தே சொல்றேன், பிரிச்சே சொல்றேன்: திருப்பித் தரமாட்டேன்."

"தாராளமா எடுத்துக்கடி," என்றாள் டீச்சரக்கா, பீரோவையும் சேர்த்துக் கொடுத்துவிடுகிற குரலில்.

கண்ணாடிக்காரர் விரலை மடக்கிக் கணக்குப் போட்டுப் பார்த்தார். கடையில் தொங்கின கிடார் இல்லை. வாங்கி வைத்த புது ஃப்ரிட்ஜ் இல்லை. "ஏன்டி, அப்ப எனக்கு?"

"உங்களுக்குத்தான் நான் இருக்கேனே."

அவர் கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார்.

"மொதல்லேர்ந்து வாசிங்க," என்றாள் சின்னவள் புருஷனிடம், நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்து. "கிடார் உங்களுதுன்னு ஆகிப்போச்சு. இனிமேலாவது அந்த எடத்தை ஒழுங்காக் கடக்கணும். மூணு சுத்து."

மெக்கானிக் முன்னங்கையை மரத்தில் பதித்தார். பல்லவி போனது, அனுபல்லவி போனது. அந்த இடம் வந்ததும் மூன்று பேரும் அவர் விரலையே பார்த்தார்கள். அவர் உதட்டைக் கடித்துக்கொண்டு சுற்றினார். மறுபடி சுற்றினார். மறுபடியும். நிறுத்த மனசில்லாமல் இன்னொன்றும் சுற்றினார்.

"மூணுன்னு சொன்னேன்."

"ஒண்ணு சேத்துப் போட்டேன். அக்கா சந்தோஷத்துக்கு."

"அக்கா காதைப் பொத்திட்டு உக்காந்திருக்கா."